சவுண்டுக்கு ஒரு பட்டன்

செட் பட்டனை விடாமல் அமுக்கிப் பிடித்தால் புது ரிமோட்டின் நெற்றியில் சிவப்பு விளக்கு ஏறி நிற்கும். நின்றதும் நாலு நம்பர் தட்ட வேண்டும். தட்டி முடித்ததும் விளக்கு அணையும். அப்புறம் ரிமோட்டை டிவிக்கு நேரே நீட்டி பவர் பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும். நம்பர் பொருந்தினால் டிவி அணையும். பொருந்தாவிட்டால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். காலையில் பல் விளக்கிய கையோடு உட்கார்ந்த கலைவாணன், ரிமோட்டோடு வந்த பேப்பரைப் பார்த்து இதுவரை நாற்பத்திரண்டு நம்பர் தட்டியிருந்தான். நாற்பத்து மூன்றாவதில் டிவி பொட்டென்று அணைந்தது. "அடங்குனியா!" என்று எழுந்தவன், கட்டிலில் சாய்ந்திருந்த பூங்கொடியைப் பெருமையாகப் பார்த்தான். மறுபடி போட்டான். சானல் முன்னே போனது, பின்னே வந்தது. கடைசியாகச் சவுண்டைக் கூட்டும் பட்டனை அமுக்கினான். டிவி காதில் வாங்கவே இல்லை. கல்யாணத்துக்கு ஊரே வந்து மாப்பிள்ளை மட்டும் வராத கதைதான். அவனுக்கு வேண்டியிருந்ததே அந்த ஒரு பட்டன்.

மாசி மாசத்தில் ஒருநாள், துணி அலசிக்கொண்டிருந்த பூங்கொடிக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்து உயிரோடு திரும்பினாள். கையும் காலும் திரும்பவில்லை, பேச்சும் திரும்பவில்லை. 'த்தா' என்று ஒரு சத்தம் மட்டும் மிச்சம். தண்ணீர் வேண்டுமென்றாலும் த்தா, ஈ மொய்த்தாலும் த்தா, கலைவாணனைத் திட்டுவதும் த்தா. திட்டுகிற த்தா மட்டும் அவனுக்கு உடனே புரியும். அந்தச் சத்தம் வாசலைத் தாண்டாது. ஒருநாள் அவன் ரேஷன் கடைக்குப் போய் வருவதற்குள் கட்டிலில் இருந்து சரிந்து தரையில் கிடந்தாள். எத்தனை நேரம் கிடந்தாளோ. பக்கத்து வீட்டு சுராயாதான் அன்றைக்கு ஒரு வழி சொன்னாள். திருக்கழுக்குன்றத்தில் அந்த வரிசை வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறு வயசு சொல்வார்கள்.

"செவுரு ஒண்ணுதானண்ணே. அக்காவுக்கு எதுனா வோணும்னா டிவிய கத்த வுடச் சொல்லு. நான் எந்த வேலைல இருந்தாலும் போட்டுட்டு ஓடியாந்துர்றேன்."

அன்றிலிருந்து டிவிதான் பூங்கொடிக்குத் தொண்டை. பழைய ரிமோட்டில் சவுண்டு பட்டன் எங்கே இருக்கிறதென்று அவள் இடது கட்டைவிரலுக்குக் கண் இல்லாமலே தெரியும். சுராயா வருவாள், வேண்டியதைச் செய்வாள், டிவியின் விலாவில் இருக்கிற பட்டனைத் தடவிச் சத்தத்தை இறக்கிவிட்டுப் போவாள். வியாழக்கிழமை ரசத்தில் உப்பில்லை என்று பூங்கொடி அந்த ரிமோட்டைத் தூக்கி அவன்மேல் எறிந்தாள். அவன் குனிந்துகொண்டான். சுவர் குனியவில்லை. குனியாமல் இருந்திருக்கலாம் என்று இந்த மூன்று நாளாக அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. மண்டையில் பட்டிருந்தால் இரண்டு தையலோடு போயிருக்கும், ரிமோட்டாவது உடையாமல் இருந்திருக்கும்.

ஏனென்றால் நாளைக்குத் திங்கட்கிழமை. பூஞ்சேரி கூட்டுரோட்டுப் பக்கம் டைல்ஸ் குடோனில் லாரி இறக்குகிற மேஸ்திரி மோகன் சனிக்கிழமையே போனில் சொல்லிவிட்டான்.

"எட்டு மாசமா ஒன் எடத்த நான் தூக்கி யாருக்கும் குடுக்கல அண்ணாத்த. இனிமே முதலாளி கேக்கமாட்டான். திங்கக்கெழம ஆறரைக்கு டெம்போ ஒன் தெருமொனைல நிக்கும். நீ ஏறுனா நீ. இல்லாங்காட்டி வேற ஆள ஏத்திகினு பூடுவேன். அப்பால என்னக் கொற சொல்லாத."

சத்தம் போட வழியில்லாமல் அவளை விட்டுவிட்டு எப்படி ஏறுவது? போகாவிட்டால் அடுப்பில் எதை ஏற்றுவது? இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டன் நின்றது. அவனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்குப் போனான், பீடியை எடுத்தான், பற்றவைக்காமல் திரும்பக் காதில் செருகினான், உள்ளே வந்தான். ரிமோட்டை விற்ற செங்கல்பட்டுக் கடைக்கார ஆல்வினுக்குப் போன் போட்டான்.

"சவுண்டு மட்டும் வரலியா? சரி, பேப்பர பின்னாடி திருப்பு. கட்டம் கட்டமா மூணு டிஜிட் நம்பர் கீதா? ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நம்பர். செட்டை அமுக்கிப் புடி. தொள்ளாயிரத்தி தொண்ணூத்தி நாலு போடு. அப்பால அந்தக் கட்டத்து நம்பர். அப்பால எந்தப் பட்டன்ல அந்த வேலைய ஒக்கார வெக்கணுமோ அந்தப் பட்டன். அவ்ளோதான்."

"சவுண்டுக்கு எந்த நம்பருபா?"

"அது டிவிக்கு டிவி மாறும். ஒன் டிவி பேரே நான் கேள்விப்பட்டதில்ல. ஒண்ணொண்ணா போட்டுப் பாரு அண்ணாத்த, ஞாயித்துக்கெழம வேற இன்னா வேல ஒனக்கு?"

கட்டங்களை எண்ணினான். நூற்று இருபது. கலைவாணன் எழுத்துக் கற்றது நாற்பத்தி நாலு வயசில். எட்டாவது வரை படித்த பூங்கொடிதான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள், 'பேரப் பாரு, கலைவாணனாம், கைநாட்டு வெக்கிற கலைவாணன்' என்று குத்திக் குத்தி. மளிகைப் பொட்டலக் காகிதத்தில் தொடங்கி, பஸ் போர்டுக்கு வந்து, தினப் பேப்பரில் தலைப்பு வரைக்கும் ஏறிவிட்டான். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு ஒருநாள் அதே பேப்பரை அவள் முன்னால் பிரித்தான். அவள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, எறும்பைத் தட்டுகிற மாதிரி எழுத்துகளைத் தட்டித் தள்ளினாள். அதற்கப்புறம் அவன் அவள் எதிரில் எதையும் வாய்விட்டுப் படிப்பதில்லை. இன்றைக்கும் நம்பரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு, நோட்டில் எழுதி, ஆகாததை எல்லாம் அடித்துக்கொண்டு வந்தான்.

ஒரு நம்பருக்குப் படம் மஞ்சக்காமாலை கண்டது. ஒன்றுக்கு எல்லாரும் குட்டையாகிப் பருத்துப்போனார்கள். ஒன்றுக்குத் திரை முழுக்க ஏதோ தேசத்து எழுத்து வந்து நின்று, போகமாட்டேன் என்றது. வயரைப் பிடுங்கிச் செருகிய பிறகுதான் ஒழிந்தது. பூங்கொடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே கிடந்தாள். ஒரு பக்க உதடு மட்டும் சிரித்தது. மத்தியானம் தாண்டி, ஐம்பத்தெட்டாவது கட்டத்தில், நூற்று முப்பத்தேழு என்ற நம்பரை அஞ்சாம் பட்டனில் உட்காரவைத்து அமுக்கினான். டிவி வீறிட்டது. விட மனசில்லாமல் உச்சி வரைக்கும் ஏற்றினான்.

பரோட்டா மாவு ஒட்டிய கையோடு சுராயா ஓடி வந்தாள். "இன்னாச்சு? அக்கா வுயுந்துட்டாங்களா?"

"வந்துட்ச்சும்மா, சவுண்டு வந்துட்ச்சு! டெஸ்ட்டு!"

"அடப் போண்ணே, ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

டெஸ்ட் அதோடு முடியவில்லை. ரிமோட்டைப் பூங்கொடியின் கையில் கொடுத்தபோதுதான் தெரிந்தது, இவ்வளவு நேரமும் அவன் தன்னுடைய வலது கைக்கு வாகாகவே செய்துகொண்டிருந்தான். அவள் இடது கையால், வயிற்றில் முட்டுக்கொடுத்துப் பிடிப்பாள். கட்டைவிரல் ஒருமுறை மேலே விழுந்தது, ஒருமுறை ஓரத்தில் வழுக்கியது. அஞ்சில் விழவே இல்லை. அதனால் ஆறில் வைத்தான். அமுக்கிப் பார்த்தான், சுராயா வந்தாள். எட்டில் வைத்தான், சுராயா வந்தாள்.

"அண்ணே, புலி வருது புலி வருதுன்னு வெளாட்றியா? இன்னொரு தபா கத்துச்சுன்னா நான் வரமாட்டேன், சொல்ட்டேன். அடுப்புல எனக்குக் கறி தீயுது."

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. மூட்டை நழுவும் என்றால் ஒரு முடிச்சுக்கு நாலு முடிச்சாகப் போடுவது அவன் வேலையில் வழக்கம். ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாப் பட்டனிலும் நூற்று முப்பத்தேழையே ஏற்றினான். சானல் மாற்றுகிற இரண்டு பட்டனையும் விடவில்லை. விரல் எங்கே விழுந்தாலும் சத்தம்தான். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாலும் சுராயாவுக்குக் கேட்கும். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இந்தா மே. இனிமே ஒனக்கு பேஜாரே கெடையாது" என்று ரிமோட்டை அவள் வயிற்றில் வைத்தான்.

அவள் பாட்டுச் சானலுக்குப் போக ஒரு பட்டனை அமுக்கினாள். சத்தம் ஏறியது. வேறொன்றை அமுக்கினாள், இன்னும் ஏறியது. அவன் ஓடிப்போய் டிவியின் விலாவில் இறக்கினான். பூங்கொடி ரிமோட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு, உள்ளங்கையைக் கவிழ்த்து, காற்றைக் கீழே கீழே அமுக்கிக் காட்டினாள். "த்தா."

"இன்னா? ஒக்காரச் சொல்றியா?"

மறுபடி அதே. உள்ளங்கை இறங்கியது. இறங்கியது. "த்தா. த்தா."

"இங்கயே ஒக்காரு, போவாதன்றியா?" காலையில் இருந்து குடைந்துகொண்டிருந்தது எல்லாம் அவன் வாயில் வந்து நின்றது. "நான் போவலன்னா ஒலைல எதமே போட்றது? ஒம் மூஞ்சியும் எம் மூஞ்சியுமா? எட்டு மாசம் ஒக்காந்துகினுதான கீறேன்! எனக்கும் கால் மரத்துப்போச்சு!"

பூங்கொடி கட்டில் சட்டத்தில் கையால் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். சங்குத் தீர்த்தக் குளம் வரைக்கும் வேகமாக நடந்தான். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அதே வேகத்தில் திரும்பினான். போவதற்கு ஒரு நாளும் முழுசாக மனசு வரவில்லை, அது உண்மை. ஆனால் போகவேண்டும் என்று கால் துடித்ததும் உண்மை. லாரியில் இருந்து இறங்குகிற பெட்டியின் கனம், நாலு ஆளுடைய கேலி, டீ. அதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது? சோற்றுக்காகப் போகிறேன் என்பது சொல்வதற்குச் சுலபம்.

தெருவில் பாதி வரும்போதே டிவி அலறுவது கேட்டது. முழுச் சத்தம். தெருவே கேட்கிறது, சுராயா வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை. உள்ளே அவள் பாட்டுக்குக் கறி தாளிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. கலைவாணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினான்.

பூங்கொடி விழவில்லை. ரிமோட் அவள் தொடை ஓரம் கிடந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது கையால் இடது காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். வலது காது திறந்து கிடந்தது. அதைத் தலையணையில் புதைக்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வரவில்லை. ஒரு கைக்கு ஒரு காதுதான். மற்றக் காதில் அத்தனை சத்தமும் போய் இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் டிவியின் சத்தத்தை இறக்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். பழைய ரிமோட்டில் சத்தம் இறக்குகிற பட்டன் தேய்ந்து செத்து எத்தனை நாளாயிற்று? ஆடியிலா, அதற்கும் முன்னாலா? யாராவது வருகிற வரைக்கும், வந்து டிவியின் விலாவைத் தடவுகிற வரைக்கும், ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் கிடந்திருக்கிறாள். கூப்பிடுவதற்கு ஒரு பட்டன் என்று காலையில் இருந்து செத்தான். கூப்பிட்டதை நிறுத்த அவளுக்கு ஒன்று வேண்டும் என்று மண்டையில் ஏறவில்லை.

உள்ளங்கையைக் கவிழ்த்து, அவள் காட்டிய மாதிரியே காற்றைக் கீழே அமுக்கினான். "சவுண்டு எறக்கறதுக்கா கேட்ட?"

"த்தா" என்றாள். அந்தத் த்தாவில், கைநாட்டு வெக்கிற கலைவாணன் என்று முழுசாகவே இருந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு கட்டிலில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான். இந்தத் தடவை நம்பரை வாய்விட்டுச் சொன்னான். எறக்கறது நூற்று முப்பத்தெட்டு. ஏத்துறதுக்கு அடுத்த கட்டத்திலேயே இருந்திருக்கிறது. பட்டனை அவளே காட்டினாள். ரிமோட்டை வயிற்றில் நிறுத்தி, கட்டைவிரல் தானாக எங்கே போய் உட்காருகிறதோ அங்கே ஒன்று, அதற்கு மேலே ஒன்று. தானாக உட்காருகிற பட்டனை அவள் இறக்குவதற்கு வைத்துக்கொண்டாள். ஏற்றுவதற்கு விரலைக் கொஞ்சம் எக்கவேண்டியிருந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். மற்றப் பட்டன்களில் அவன் ஏற்றியதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி முடிக்க விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது.

சுராயாவிடம் போய்ச் சொன்னான். "டெஸ்ட் முடிஞ்சிட்ச்சும்மா. இனிமே கத்துனா அது அவதான். நான் இல்ல."

"சாயங்காலம் கத்துச்சே?"

"அதுவும் அவதான்."

சுராயா கரண்டியைக் கீழே வைத்தாள். "யா அல்லா... நான் நீயின்னு நெனச்சிட்டேனே அண்ணே."

திங்கட்கிழமை ஆறரைக்கு டெம்போ தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தது. பூங்கொடிக்கு முகம் துடைத்து, துணி மாற்றி, தலையணையைச் சாய்த்து வைத்திருந்தான். "வர்ட்டா மே" என்றான். அவள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிமோட் வயிற்றில் நின்றது. இன்னொரு தரம் சொன்னான். அவள் சானல் மாற்றினாள்.

டெம்போவில் முன்னமே நாலு பேர் இருந்தார்கள். "ஏறு மாப்ள, எட்டு மாசத்துல ஒடம்பு புதுப் பொண்ணு மாதிரி ஆயிட்ச்சு" என்று ஒருவன் கை நீட்டினான். கலைவாணன் கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்தான். அப்போது வீட்டுப் பக்கம் இருந்து சத்தம் ஏறியது. யாரோ செய்தி வாசிக்கிறார்கள். ஏறி ஏறி, ஒவ்வொரு வார்த்தையும் தெருமுனை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. குழாயடியில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கியது. சுராயா ஈரக் கையோடு வெளியே வந்து, அவன் வீட்டு வாசலில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

"இன்னா அண்ணாத்த?" என்றான் முன் சீட்டில் இருந்து மோகன். "ஏறுறியா, எறங்குறியா?"

அவன் காலைக் கீழே வைக்கப்போனான். சத்தம் இறங்கியது. ஒரு படி. நின்றது. இன்னொரு படி. மலைக்கோயிலில் இருந்து வயசானவர்கள் இறங்குகிற மாதிரி, பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக. செய்தி வாசிக்கிற ஆளின் வார்த்தைகள் முதலில் மறைந்தன, அப்புறம் குரல் மட்டும் கொஞ்சநேரம், அப்புறம் அதுவும் இல்லை. குழாயில் குடம் நிறைகிற சத்தம் கேட்டது. சுராயா ஒரு கால் வாசலுக்கு உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்று, உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு தெருமுனையைப் பார்த்தாள். மோகன் ஹாரனை அமுக்கினான்.