நிர்மலா இறக்கிய விண்கலம்

வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது, மாதையன் 1986இல் வாங்கிய கம்ப்யூட்டர் கிடைத்தது. ஓசூரில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வுபெற்று, பாலக்கோட்டில் குடியிருப்பவர் அவர். ஒரு வாரம் போராடி அதைப் பழைய டிவியோடு இணைத்தார். அதோடு இருந்த கேசட்டிலிருந்து, அந்நாளில் பதிந்து வைத்த விளையாட்டு ஏறியது.

நிலவில் விண்கலத்தை இறக்க வேண்டும். படம் கிடையாது. உயரம், வேகம், எரிபொருள் என்று எண்கள் மட்டும் வரும். எவ்வளவு எரிப்பது என்று நாம் சொல்ல வேண்டும். தரையைத் தொடும்போது வேகம் ஐந்துக்குள் இருந்தால்தான் கலம் தப்பும்.

மாதையன் மூன்று முறை ஆடினார். மூன்று முறையும் நொறுங்கியது. மனைவி நிர்மலாதேவி வெங்காயம் உரித்த கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பெயர் கேட்ட இடத்தில் ‘நிர்மலா’ என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டு, வாய்க்கு வந்த எண்களைப் போட்டார். கலம் பத்திரமாக இறங்கியது.

“அந்தக் காலத்துலயும் நாந்தான ஜெயிப்பேன்” என்றார்.

மாதையனுக்கு விளங்கவில்லை. கடைசியாக வேகம் முப்பது என்று காட்டியதை அவர் பார்த்திருந்தார். இறங்கியபின் மூன்று என்கிறது. புரோகிராமைத் திரையில் வரவழைத்து வரிவரியாகப் படித்தார். நடுவில் ஒரு வரி: பெயர் நிர்மலா என்றால் வேகத்தைப் பத்தால் வகு.

“இத நீ போட்டியா?”

“எனக்கென்னங்க தெரியும்? பொஸ்தகத்தப் பாத்து நீங்கதான முழுசும் தட்டுனீங்க.”

“எனக்கு நெனப்பே இல்லியே.”

“மொதப் புள்ள மூணாம் நாளே போயிடுச்சில்லீங்க. ரெண்டு மாசம் நான் யாருகிட்டயும் பேசல. அப்பத்தான் இத முன்னால வச்சு வெளையாடுன்னீங்க. மொதத் தடவையே எறக்கிட்டேன். சிரிச்சேன்னு நீங்கதான் சொன்னீங்க.”

“நானா சொன்னேன்?”

குழந்தையைப் புதைத்த இடம் அவருக்கு நினைவிருந்தது. அன்று தூறியதுகூட. அதற்குப் பிந்தைய மாதங்களைத் தேடினால் ஒன்றுமே தட்டுப்படவில்லை. அறிமுகமில்லாத ஒருவன் செய்துவிட்டுப் போன வேலையைப் பார்ப்பதுபோல அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத எடுத்துடுங்க” என்றார் நிர்மலாதேவி.

“எதுக்கு?”

“நெசமாவே எனக்கு எறக்கத் தெரியுதான்னு பாக்கோணும்.”

எடுத்தார். கலம் நொறுங்கியது. அடுத்த நான்கு முறையும் நொறுங்கியது. ஆறாவது ஆட்டத்தில் நிர்மலாதேவி ஒவ்வோர் எண்ணையும் யோசித்து யோசித்துப் போட்டார். வேகம் நான்கு. இறங்கிவிட்டது. எழுந்து சமையலறைக்குப் போனார்.

மாதையன் மறுபடி புரோகிராமைத் திறந்து பார்த்தார். அந்த வரி இல்லை. ஆனாலும் மேலிருந்து படிக்கத் தொடங்கினார். வேறெங்காவது இன்னொன்று போட்டு வைத்திருப்போமோ என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.