மூன்று வலது

விரிப்பின் ஒரு மூலை பெரியவள் கையில், மறு மூலை சின்னவள் கையில். இருவரும் ஒரே நேரத்தில் உதறி, சுருக்கம் போக இழுத்து, விளிம்பைச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது மொடமொடவென்று மடிந்து விழும். நான்கு மருத்துவமனைகளின் துணி வந்து குவிகிற சலவை ஆலை அது. ஒருத்தி நகர்ந்தால் இன்னொருத்தி சும்மா நிற்க வேண்டியதுதான். மூன்றாம் எண் உருளையின் வலப்பக்கம் அக்கா, இடப்பக்கம் தங்கை. பிறந்த வீட்டிலும் இருவரும் படுக்கையை இப்படித்தான் உதறிப் போட்டார்கள் என்பதால் அவர்கள் கைக்கு நடுவே பேச்சே தேவைப்படாது.

கழிப்பறைக்கு எதிரே, மூட்டை தூக்கும் ஆண்கள் நடமாடும் வழியில், ஒரு ஆணியில் நீளமான நோட்டு தொங்கும். யார் போனார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்று மேற்பார்வை பார்க்கும் அம்மாள் அதில் எழுதுவாள். பெயர் எழுத மாட்டாள். உருளையின் எண்ணும் பக்கமும் போதும். பெரியவள் அதில் ‘3 வலது’, சின்னவள் ‘3 இடது’. ஒரு வேளைக்கு நான்கு தடவைக்கு மேல் யாரும் போகக் கூடாது. அந்த அம்மாளுக்குப் பெண்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. எங்கே நின்றாலும் தெரிவாள், ஓயாமல் மணி சொல்வாள், காது மட்டும் கிடையாது.

பெரியவளுக்கு மாதவிலக்கு பத்து நாள் போகும். மணிக்கொரு பேடு நனையும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் நிற்காது. அந்த நாட்களில் அவள் ஏப்ரனை முன்னால் கட்டாமல் பின்னால் கட்டிக்கொள்வாள். மற்ற பெண்கள் சிரிப்பார்கள். அடுப்புக்கு முதுகைக் காட்டிச் சமைக்கப் போகிறாயா என்று கேட்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்ததும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வாள்.

டாக்டரிடம் போகலாமா என்று ஒரு முறை வீட்டில் பேச்சு வந்தது. பெற்றவள் கையை உதறி விட்டாள். நம்ம வீட்டுப் பெண்களின் உடம்பு வாகே அப்படித்தான், எனக்கும் அப்படித்தான் போனது, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று கேட்டாள். சின்னவளும் தலையாட்டினாள். அவளுக்கும் எட்டு நாள் போகும். எட்டைத் தாங்குகிறவளுக்குப் பத்து பெரிதாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் இரத்தக் கறையை அளப்பதுதான் சின்னவளின் காலை வேலை. மூட்டை அவிழ்ந்ததும் விரிப்புகளை லேசு, நடுத்தரம், கனம் என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். கனமானது முதலில் பச்சைத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். ஓரக்கண்ணால் பார்த்தே தரம் சொல்லிவிடுவாள். முகம் தெரியாதவர்களின் இரத்தத்தை இப்படித் தரம் பிரிக்கத் தெரிந்தவளுக்கு, நாளெல்லாம் எதிரே நின்றவளின் உதடு வெளுத்துக்கொண்டே போனது கண்ணில் படவில்லை.

அன்று இடைவேளைக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. பெரியவள் விரிப்பைக் கீழே விட்டுவிட்டு நோட்டருகே போனாள்.

“மேடம், ஒரே நிமிஷம். போயிட்டு வந்துடறேன்.”

“நாலு தடவை ஆச்சு. மிஷின் உனக்காகவா ஓடுது? போய் நில்லு.”

அவள் போய் நின்றாள். கால்களைச் சேர்த்து நெருக்கி வைத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடமும் விரிப்புக் கொடுத்தாள். மணி அடித்ததும் வேகமாக நடந்தவள், ஊறல் தொட்டியருகே கண் இருட்டிச் சாய்ந்தாள். தொட்டியின் இரும்பு முனை தலையில் பட்டது. சின்னக் காயம்தான் என்றார்கள். அந்தச் சின்னக் காயத்தின் இரத்தம் நிற்கவே இல்லை. உள்ளேயும் கசிந்தது. மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. பதின்மூன்று வயது மகளை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவள் இறந்த மருத்துவமனையின் மூட்டை நான்காம் நாள் ஆலைக்கு வந்தது. அக்கா படுத்திருந்த விரிப்பு எது என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. அன்று அவள் தரம் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் தானே பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டாள்.

நோட்டு அதற்கு முன்பே அவள் பையின் அடியில் இருந்தது. அக்கா விழுந்த அன்றே, எல்லோரும் வாசலுக்கு ஓடிய நேரத்தில், அதை ஆணியிலிருந்து கழற்றிவிட்டாள். எதற்கென்று அப்போது தெரியாது. பிறகு தெரிந்தது. மணிக்கூண்டின் எழுதுகிற கையைப் பிடித்து உருளைக்குள் கொடுத்தால் எப்படி மடிந்து விழும் என்று நினைத்துக்கொண்டேதான் தினமும் விரிப்புக் கொடுத்தாள். அது முடியாது என்பதால் தொழிலாளர் துறைக்கு மனு எழுதினாள். விசாரணை வரும், அன்று நோட்டை எடுத்து மேசையில் வைக்க வேண்டும், அந்த முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அதற்காகவே சாப்பிட்டாள், அதற்காகவே தூங்கினாள்.

இரண்டு மாதம் கழித்து அவளுக்கே கண் இருட்டியது. மேசை விளிம்பைப் பிடித்து நின்றுவிட்டாள். உடம்பின் மீது அக்கறை வந்தெல்லாம் அவள் டாக்டரைத் தேடிப் போகவில்லை. விசாரணை வருவதற்குள் தானும் சாய்ந்துவிட்டால் மணிக்கூண்டு தப்பித்துவிடுவாள் என்ற பயத்தில் போனாள்.

டாக்டரம்மா நிதானமானவர். ஸ்கேன் பார்த்துவிட்டுக் கர்ப்பப்பையில் கட்டி எதுவும் இல்லை என்றார். எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாற்றுகிறீர்கள், எப்போதிலிருந்து, எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. நான் எழுதவில்லை, எனக்காக வேறொருத்தி எழுதி வைத்திருக்கிறாள் என்று சொல்லி நோட்டை எடுத்து நீட்டினாள்.

டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். மாதாமாதம் சில நாட்கள் மட்டும் ‘3 இடது’ அடிக்கடி வந்தது. ‘3 வலது’ அதைவிடத் தவறாமல், அதைவிட நெருக்கமாக வந்தது.

“இந்த மூணு வலது யாரு?”

“எங்கக்கா.”

“அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே.”

சின்னவள் நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா நோட்டை மூடி வைத்தார். பிறகு பல் பிடுங்கியபோது இரத்தம் நின்றதா என்று கேட்டார். அக்காவுக்கு இரண்டு நாள் நிற்கவில்லை. லேசாக இடித்துக்கொண்டாலும் உடம்பு கன்றிப் போகுமா? போகும், இருவருக்கும். அம்மாவுக்கு? அம்மாவுக்கும் பத்து நாள்தான்.

இரத்தம் எடுத்தார்கள். பத்து நாளில் முடிவு வந்தது.

“ரத்தம் உறையறதுக்கு வேண்டிய ஒரு பொருள் உங்க ரத்தத்துல குறைச்சலா இருக்கு. பிறவியிலேயே வர்றது. உங்கம்மாகிட்ட இருந்து வந்திருக்கும். மருந்து இருக்கு, போக்கு குறையும். இரும்புச்சத்தும் ஏத்தணும். உங்க அக்கா பொண்ணுக்கும் பார்த்துடுங்க.”

“அக்காவுக்கு முன்னாடியே பார்த்திருந்தா?”

“அடி பட்ட உடனே என்ன குடுக்கணும்னு தெரிஞ்சிருக்கும்.”

வெளியே வந்ததும் சின்னவள் முடிவுக் காகிதத்தைத் திரும்பப் படித்தாள். ஒரு பரிசோதனை. வீட்டு வாகு என்று தாயும் மகள்களுமாகச் சுமந்தது ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரியாக இருந்தது. மணிக்கூண்டின் மேல் இருந்த வெறி இன்னும் ஒரு சுற்று முறுகியது.

விசாரணைக்கு முதல் நாள் மாலை நோட்டை முதலிலிருந்து படித்தாள். நடுப்பக்கத்தில் எழுத்து மாறியது. மணிக்கூண்டு எட்டு நாள் விடுப்பில் போனபோது நோட்டு எழுதும் வேலை சின்னவளுக்குத்தான் வந்தது. தன்னைப் பொறுப்பானவள் என்று காட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு என்று அப்போது நினைத்தாள். ஒரு வரியில் ‘3 வலது, ஐந்தாவது தடவை’ என்றிருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில், அவளுடைய உருண்டையான எழுத்தில் ஒரே ஒரு சொல். நடிப்பு.

தாளின் விளிம்பைப் பிடித்தாள். கிழித்தால் யாருக்கும் தெரியாது. கிழிக்காவிட்டால், கூடப் பிறந்தவளே நம்பவில்லையே என்று முதலாளி கேட்பார். விளக்கு வைக்கும் வரை அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அதிகாரி வந்து, தரம் பிரிக்கும் கூடத்தில் அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெண்கள் சுற்றி நின்றார்கள். அப்படி ஒரு நோட்டே இங்கே இருந்ததில்லை என்றார் முதலாளி. யார் எத்தனை தடவை போனால் எனக்கென்ன, நான் எதற்கு எழுதப் போகிறேன் என்றாள் மணிக்கூண்டு. சின்னவள் பையைத் திறந்து நோட்டை மேசைமேல் வைத்தாள். முதலாளி கூரையைப் பார்த்தார்.

“அவங்களே படிக்கட்டும் சார். எல்லாருக்கும் கேக்கற மாதிரி,” என்றாள் சின்னவள், மணிக்கூண்டைக் காட்டி.

அதிகாரி நோட்டை நகர்த்தினார். வேறு வழியில்லாமல் மணிக்கூண்டு படித்தாள். 3 வலது, எட்டு ஐம்பது, எட்டு ஐம்பத்தாறு. 3 வலது, ஒன்பது நாற்பது. 3 வலது, பத்து முப்பத்தைந்து. யாரோ போய் உலர்த்தும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். சத்தம் அடங்கிய கூடத்தில் எண்கள் மட்டும் விழுந்தன. பக்கம் திரும்பத் திரும்ப அவள் குரல் தேய்ந்தது, தண்ணீர் கேட்டாள். யாரும் நகரவில்லை. ஒவ்வொரு எண்ணும் சின்னவளுக்கு வெல்லமாக இனித்தது. இன்னும் படி, அவள் நின்ற நேரமெல்லாம் நீயும் நின்று படி என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள்.

நடுப்பக்கம் வந்தது. மணிக்கூண்டு நிறுத்தினாள். முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினாள். கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது.

“நடிப்புன்னு இங்க எழுதியிருக்கு. இது என் கையெழுத்து இல்ல சார். இவளோடது. சொந்த அக்காவையே நடிப்புன்னு எழுதினவ என்னைக் கேக்க வந்துட்டா.”

எல்லாத் தலைகளும் சின்னவள் பக்கம் திரும்பின. முதலாளி கூரையிலிருந்து கண்ணை இறக்கினார்.

“ஆமா, நான் எழுதினதுதான்,” என்றாள் சின்னவள். “நேத்து கிழிச்சிருப்பேன். கிழிச்சா அப்புறம் எனக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் மேடம்? நான் என் பங்கை ஒத்துக்கிட்டேன். இப்ப உங்க பங்கைப் படிங்க. கடைசிப் பக்கம். அஞ்சாவது தடவை கேட்டப்ப நீங்க என்ன எழுதினீங்கன்னு படிங்க.”

கடைசிப் பக்கத்தில் ‘3 வலது, அனுமதி இல்லை’ என்று இருந்தது. நேரமும் இருந்தது. மணிக்கூண்டு அதைப் படித்தாள். பிறகு நோட்டை மூடிவிட்டு, அங்கிருந்த ஒரு மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நோட்டை அதிகாரி எடுத்துப் போனார். முதலாளி மேல் வழக்கு வந்தது, மணிக்கூண்டின் வேலை போனது. கணக்குத் தீர்த்துக்கொண்டு போகிற நாளில் அவள் வாசலில் சின்னவளுக்காகக் காத்திருந்தாள்.

“உங்கக்கா வாயைத் திறந்து இன்னதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேனா?”

“இத்தனை ஆம்பளைங்க நடமாடற இடத்துல எப்படிச் சொல்வா? நீங்க கேட்டிருக்கணும். நானும் கேக்கல. எங்கம்மாவும் கேக்கல. உங்களை நான் மன்னிக்கல மேடம். என்னையும் மன்னிக்கல. போங்க.”

அவள் போனாள். வாசலில் நின்ற பெண்கள் உள்ளே திரும்பினார்கள். அவர்களில் மூன்றாம் உருளைக்குப் புதிதாக வந்த பெண் ஏப்ரனைப் பின்னால் கட்டியிருந்தாள். சின்னவள் அவள் தோளைத் தொட்டுத் திருப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“எத்தனை நாளா இப்படிக் கட்டறே? ஏழு நாளைத் தாண்டிப் போனாலோ, மணிக்கொரு பேடு நனைஞ்சாலோ அது வாகு இல்லடி, நோய். பொறுத்துக்கோன்னு சொன்னா, பெத்தவளே சொன்னாலும் கேக்காதே. டாக்டர்கிட்டப் போய் காரணம் என்னன்னு கேளு. சாயந்திரம் எங்கக்கா பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன். நீயும் வா.”