உப்பு சொல்கிறவன்

மனைவி ரஹிமுன்னிசா அரக்கோணத்துக்கு பஸ் ஏறிய ஞாயிற்றுக்கிழமை மாலையே, அப்துல் ஷுக்கூர் தன் மகள் நிகத்தைக் கூப்பிட்டு வேலைக்குப் போக வேண்டாம் என்றார்.

அரக்கோணத்தில் மூத்த மகள் ருக்ஸாருக்கு ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்திருந்தது. மாமியார் இல்லாத வீடு. பிள்ளைகள் அம்மி என்று கூப்பிடும் ரஹிமுன்னிசா நாற்பது நாளைக்கு அங்கேதான். ரம்ஜான் நோன்பு தொடங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

“நோம்பு முடியற வரைக்கும் லீவு சொல்லிடு,” என்றார் ஷுக்கூர்.

“சேர்ந்து மூணு மாசம்தான் ஆவுது. இப்ப லீவு கேட்டா, ஒரேயடியா வீட்லயே இருந்துக்கோன்னுவாங்க.”

“இருந்துக்கோயேன். பெருநாள் கழிச்சி வேற வேலை பாத்துக்கலாம்.”

நிகத்துக்குக் காது வரைக்கும் சுட்டது. அந்தக் குடும்பத்தில் காலேஜ் கேட்டைத் தாண்டிய முதல் ஆள் அவள். வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு, அம்பத்தூரில் தண்ணீர் பரிசோதிக்கிற ஆய்வகம் ஒன்றில் இப்போதுதான் நாற்காலி கிடைத்திருந்தது. அதற்காக அவள் ஏறி இறங்கிய ஆபீஸ் படிகளைக் கூட்டினால் திருத்தணி மலையையே நாலு தடவை ஏறியிருக்கலாம்.

“அல்தாஃப் கீறான், பாசித் கீறான். அவங்களுக்குக் கை இல்லியா?”

“பசங்கள அடுப்பாண்ட நிக்க வெக்கச் சொல்றியா?”

“கல்யாணத்துல பிரியாணி போடற பண்டாரி யாருப்பா? ஆம்பளதான? அங்க மட்டும் அவ்ளோ பெரிய தேக்ஸா அண்டாவ ஆம்பளைங்க எறக்கறீங்க. காசு குடுத்தா ஆம்பள வேலை, குடுக்கலன்னா பொம்பள வேலையா?”

லாரி இன்ஜினைப் பிரித்து மாட்டுகிற ஷுக்கூருக்கு இந்தக் கேள்வியை எங்கே பிடித்துக் கழற்றுவது என்று தெரியவில்லை. பதில் இல்லாதவர்கள் வழக்கமாகச் செய்வதையே அவரும் செய்தார். கெடு வைத்தார்.

“சரி. அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறேன். நோம்பு தொறக்கறப்போ வாயில வெக்கற மாதிரி கஞ்சி இருக்கணும். அன்னிக்கும் சரியில்லன்னா, திங்கக்கெழம வேலைக்கு நீ ரயில் ஏற வேணாம்.”

பள்ளிவாசல் கஞ்சி அவருக்கு ஆகாது. வயிற்றில் புண், அங்கே காரம் தூக்கல். வீட்டுக் கஞ்சிதான் வேண்டும். ஆய்வகம் முடிந்து நிகத் வீடு வந்து சேர ஏழரை ஆகும். நோன்பு திறப்பதோ ஆறே காலுக்கு மேல். ஆக, கஞ்சி என்றால் தம்பிகள் கையால்தான்.

அன்று மாலையே இரண்டு பேரையும் அடுப்படியில் நிறுத்தி வகுப்பெடுத்தாள். அரிசிக் குருணை இவ்வளவு, பாசிப்பருப்பு இவ்வளவு, வெந்தயம் ஒரு ஸ்பூன், குக்கர் விசில் ஐந்து. எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஒன்பதாவது படிக்கிற அல்தாஃப் சுவரைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்தான்.

“ஆபா, நான் இன்னா பொம்பளையா?” என்று அக்காவைக் கேட்டான்.

“பொம்பளையா இருந்தா இந்நேரம் கத்துகினு முடிச்சிருப்ப.”

எட்டு வயது பாசித் சீரக டப்பாவுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தான். டப்பா கவிழ்ந்தது. நிகத் கத்தினாள். வகுப்பு முடிந்தது.

திங்கட்கிழமை ரயிலுக்குப் போகும் முன் வெங்காயம், இஞ்சி, புதினா எல்லாம் அரிந்து கிண்ணம் கிண்ணமாக வைத்தாள். பக்கத்து வீட்டு மணியம்மை, தையல் மிஷினை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, பையன்கள் காஸைப் பற்றவைக்கும்போது ஒரு கண் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஏழரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது குண்டானில் கஞ்சி ஆடை கட்டிக் கிடந்தது. ஷுக்கூர் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“கடல் தண்ணியக் காய்ச்சி வெச்சிக்கீறானுங்க,” என்றார். “இன்னும் ஆறு நாள் கீது.”

நிகத் ஒரு வாய் வைத்தாள். நாக்கு சுருண்டது.

விசாரித்ததில் விஷயம் சாதாரணமாக இருந்தது. அல்தாஃப் உப்புப் போட்டான். போட்டதைச் சொல்லாமல் தொழப் போனான். பாசித் வந்து பார்த்து, அண்ணன் மறந்துவிட்டான் என்று இன்னொரு கை போட்டான். மற்ற வீடாக இருந்தால் ஒரு சொட்டு நாக்கில் விட்டதும் தெரிந்திருக்கும். நோன்பு வீட்டில் யார் விடுவது? நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. இந்த வீட்டில் அம்மி அதைக்கூடச் செய்ததில்லை. கை அளவிலேயே போட்டுப் பழகியவள். அந்தக் கை இப்போது அரக்கோணத்தில் பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது.

“ஏண்டா பாசித், நீ சின்னப் பையன்தான? நீ பாத்திருக்கலாமே?”

“நானும் நோம்பு.”

“பொய்யி, ஆபா. ஸ்கூல்ல ரெண்டு பிஸ்கட் துன்னான்,” என்றான் அல்தாஃப்.

“அதுக்கப்புறம் நோம்பு!”

நிகத் வாயைத் திறந்தாள். திட்டத் தயாராக ஏழெட்டு வார்த்தை நாக்கில் நின்றது. பையனின் முகத்தைப் பார்த்தாள். வீடு முழுக்கப் பெரியவர்களாகி நோன்பு பிடிக்கிறபோது, தான் மட்டும் பிஸ்கட் தின்கிற பொடியனாக இருப்பது அவனுக்கு அவமானம். அதற்குத்தான் பொய். நேற்று வகுப்பெடுத்தபோது அவனுக்கு என்ன வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை.

“இங்க வா. அப்பா உப்பு பாக்க முடியுமா?”

“முடியாது.”

“அல்தாஃப்?”

“முடியாது.”

“நானு? பக்கத்துல இருந்தாலும் முடியாது. இந்த வீட்ல பகல்ல உப்பு பாக்கறதுக்கு நாக்கு கீறது ஒனக்கு மட்டும்தான். நாளைலேருந்து நீ சொன்னாத்தான் அடுப்ப அணைக்கணும்.”

பாசித் யோசித்தான். “நான் சொல்றத அண்ணன் கேக்கணுமா?”

“ஆங்.”

“அப்பாவும்?”

“அப்பாவும்.”

“அப்ப சரி,” என்றான், சம்பளம் பேசி முடித்தவன் மாதிரி.

அல்தாஃப் கொதித்தான். எட்டு வயதுப் பயல் சொல்லி இவன் உப்புப் போடுவதா? மறுநாள் வெங்காயத்தைத் தானே அரிந்து, நாலரைக்கே குக்கரை ஏற்றிவிட்டான். தம்பி குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்ற ஒரே வைராக்கியம். பாசித் ஸ்பூனை ஊதி ஊதிக் குடித்து, “பூண்டு வேகல,” என்றான். புதன்கிழமை, “வெந்தயம் ஜாஸ்தி. கசக்குது.” அல்தாஃப் ஆய்வகத்துக்கு போன் போட்டான்.

“ஆபா, இவன் வேணும்னே சொல்றான். வெந்தயம் எவ்ளோதான் போடறது?”

நிகத்துக்குப் பதில் தெரியும். அரை ஸ்பூன். சொன்னால் ஒரு நொடியில் முடிந்துவிடும். “வாசனை பாரு. நேத்து எப்டி இருந்திச்சி, இன்னிக்கு எப்டி கீது, ஒனக்கே தெரியும்,” என்று வைத்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் வாயை அடக்கி வைத்த சம்பவங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இது அதில் ஒன்று.

வியாழக்கிழமை அல்தாஃப் தேங்காய்ப்பால் பிழிந்து கடைசியில் ஊற்றினான். சுவரில் ஒட்டிய தாளில் அது இல்லை. அவனாகச் செய்தது. பாசித் குடித்துவிட்டு, குறை சொல்லாமல் இன்னொரு ஸ்பூன் கேட்டான்.

“உப்பு பாக்கறதுக்கு ஒரு ஸ்பூன்தான். நீ இன்னா நாஷ்டாவா துன்ற?” என்று அல்தாஃப் அதட்டியதாக, மணியம்மை சிரித்துக்கொண்டே நிகத்திடம் சொன்னாள். ஷுக்கூர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. கிண்ணத்தைக் காலி செய்வார், எழுந்து போவார். நன்றாக இல்லை என்றால் சொல்லத் தெரிந்த வாய், நன்றாக இருந்தால் ஊமையாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை. நிகத் வீட்டில்தான் இருந்தாள். ஆனாலும் கூடத்திலேயே துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்று அவள் கரண்டியைத் தொட்டால், அவள்தான் செய்தாள் என்று ஆகிவிடும்.

ஐந்தரைக்கு ஷுக்கூர் பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்தார். நேராக அடுப்படிக்குப் போய்க் குண்டானை எட்டிப் பார்த்தார்.

“இன்னாடா இவ்ளோ வெள்ளையா கீது? உப்பு பத்தாது. இன்னொரு கை போடு.”

அல்தாஃபின் கை உப்பு டப்பாவை நோக்கிப் போனது. அப்பா சொன்னால் போகும் கை அது. நிகத்தின் மடியில் பாதி மடித்த சட்டை அப்படியே நின்றது. இன்னொரு கை விழுந்தால் மறுபடி கடல் தண்ணீர். நாளைக்கு ரயில் இல்லை. எழுந்து போய்த் தடுக்கலாம். போகவில்லை.

“போடாத,” என்றது பாசித்தின் குரல்.

“டேய், ஒனக்கு இன்னா தெரியும்?”

“நான் குடிச்சேன். நீங்க நோம்பு. பாத்தா உப்பு தெரியுமாப்பா?”

“நாப்பது வருஷமா கஞ்சி குடிக்கறவன்டா நானு.”

“இன்னிக்குக் கஞ்சிய இன்னும் குடிக்கலயே.”

அல்தாஃப், “அவன் சொன்னா சரியா இருக்கும்ப்பா. ஆறு நாளா என் உயிர வாங்கறான், ஆனா சரியாத்தான் சொல்றான்,” என்றான். டப்பா மூடுகிற சத்தம் கேட்டது.

ஷுக்கூர் வெளியே வந்து மகளைப் பார்த்தார். “நீதான் சொல்லிக் குடுத்தியா?”

“எதிர்த்துப் பேசறதயா, கஞ்சியயா?”

அவர் கை கால் கழுவப் போனார்.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் வாய்க்குப் போனது, தண்ணீர் போனது, பிறகு கிண்ணம். மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் மடக்கு. இரண்டாவது. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு ஷுக்கூர் பாசித்தைப் பார்த்தார்.

“சரியாத்தான் கீது,” என்றார். “ஊத்து இன்னும் கொஞ்சம்.”

அல்தாஃப் ஊற்றினான். ஊற்றும்போதே சொன்னான்: “அப்பா, நாளைக்கு எனக்குக் கணக்குப் பரீட்ச. வர்றதுக்கு லேட்டாவும். ஆபா காலைல ரயிலுக்குப் பூடும். வெங்காயம், புதினா நீங்க வந்து அரிஞ்சிடுங்க, நான் வந்து தாளிச்சிக்கறேன்.”

ஷுக்கூர் நிகத்தின் பக்கம் திரும்பினார். ரயிலைப் பற்றி அவர் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையன் அதை முடிந்துபோன விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தான். நிகத் கண்ணைத் தாழ்த்தவில்லை. கெஞ்சவும் இல்லை. தன் கிண்ணத்தை நீட்டி, “எனக்கும் ஊத்துடா,” என்றாள்.

ஷுக்கூர் இன்னும் இரண்டு மடக்குக் கஞ்சி குடித்தார்.

“எத்தினி வெங்காயம்?” என்றார் கடைசியில்.

“நாலு,” என்றான் பாசித். “பொடியா அரியணும். பெருசா இருந்தா நான் ஒத்துக்க மாட்டேன்.”