ரெண்டும் ஒண்ணுதானே

பஸ் டிப்போவின் சாப்பாட்டுக்கூடத்தில் மேசைகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னாள் அவள். மேடை கிடையாது, மைக் கிடையாது. கூட்டம் நடத்திக் கொடுப்பதுதான் அவள் தொழில். ஆனால் ‘நடத்துவது’ என்ற சொல்லே அவளுக்குப் பிடிக்காது.

“இது உங்க கூட்டம். எதைப் பேசணும்னு நீங்கதான் சொல்லப் போறீங்க. நடுவுல வந்து தலைப்பைச் சொல்லுங்க, தாள்ல எழுதிச் சுவத்துல ஒட்டுங்க. பிடிச்சவங்க அந்தக் குழுவுல உக்காந்து பேசலாம். நேரத்தைப் பாத்துக்கிறதும், ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர் வெட்டாம பாத்துக்கிறதும்தான் என் வேலை” என்றாள்.

அந்த டிப்போவில் டிரைவர்கள் ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பழைய வண்டிகளா, ஓய்வில்லாத ஷிஃப்ட்டா, பயணிகளின் ஏச்சா, என்ன காரணம் என்று மேனேஜருக்குப் பிடிபடவில்லை. “எங்கக்கா இதையே தொழிலா பண்றா சார்” என்று சொல்லி அவளுக்கு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவன் அவளுடைய தம்பி. யாருக்கு எந்த ரூட், யாருக்கு லீவு என்று முடிவு செய்கிற சூப்பர்வைசர் அவன்தான். தான் அவனுக்கு அக்கா என்பதை வட்டத்தில் சொல்லிவிடலாமா என்று அவள் யோசித்தாள். எதற்கு வம்பு என்று விட்டுவிட்டாள்.

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம். அவள் பொறுத்துக்கொண்டாள். பிறகு வழுக்கைத் தலைக் கண்டக்டர் ஒருவர் எழுந்து வந்து, “ஷிஃப்ட் நேரம். மனுஷனைத் தூங்க விடமாட்டேங்குது” என்றார். ஒரு மெக்கானிக், “பிரேக் கட்டை எல்லாம் தேஞ்சு என் பல்லு மாதிரி ஆயிடுச்சு, அதைப் பேசணும்” என்றார். சிரிப்பு எழுந்தது. விறைப்பாக இருந்தவர்கள் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்போது டிரைவரம்மா எழுந்தார். அங்கே இருந்த ஒரே பெண் டிரைவர். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

“சூப்பர்வைசர் சார் எங்ககிட்ட பேசுற விதத்தைப் பேசணும். லீவு கேட்டா, ‘அடுப்படியில நிக்க வேண்டியவளுக்கு ஸ்டியரிங் எதுக்கு’ன்னு எல்லார் முன்னாடியும் கேக்குறாரு. எனக்கு மட்டும் இல்ல, ஆம்பளைங்களுக்கும் இதே மரியாதைதான். போனவங்க பல பேர் அந்த வாய்க்குப் பயந்துதான் போனாங்க.”

வட்டத்தின் எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த தம்பி அவளைப் பார்த்தான். சின்ன வயதில் அப்பாவிடம் மாட்டிக்கொள்ளும்போது பார்ப்பானே, அந்தப் பார்வை.

அவள் வாயிலிருந்து வார்த்தை தானாக வந்தது. “நல்ல விஷயம். ஆனா லீவும் ஷிஃப்ட்டும், ரெண்டும் ஒண்ணுதானே? இதை அதோட சேத்துக்கலாம்.”

தலைப்புகளைச் சேர்ப்பது வழக்கம்தான். ஆனால் கொண்டுவந்தவரிடம் கேட்டு, அவர் சரி என்றால்தான் சேர்க்க வேண்டும். டிரைவரம்மா தாளுக்காகக் கையை நீட்டியிருந்தார். அந்தக் கையைப் பார்க்காதவள்போல அவள் அடுத்தவர் பக்கம் திரும்பினாள்.

குழுக்கள் பிரிந்தன. ஷிஃப்ட் குழுவில் ஷிஃப்ட்டை மட்டுமே பேசினார்கள். டிரைவரம்மா சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

டீ இடைவேளையில் தம்பி பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான். “தேங்க்ஸ்க்கா. நல்லவேளை, அமுக்கிட்டே.”

அவளுக்குக் காது மடல் சுட்டது. டீயைக் குடிக்காமலே கீழே வைத்தாள். அவன் பேசுகிற விதம் அவளுக்குத் தெரியாததா? வீட்டில் அவன் மனைவியை எடுத்தெறிந்து பேசும்போதெல்லாம், “அவன் வாய்தான் அப்படி, மனசு வெள்ளை” என்று அந்தப் பெண்ணின் வாயை அடைத்தவள் அவள்தான். இங்கேயும் அதையேதான் செய்திருக்கிறாள். இதற்குத் தொழில் என்று பெயர் வேறு.

அவள் வெளியே போனாள். டிரைவரம்மா, நின்றிருந்த ஒரு பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்தார்.

“நான் செஞ்சது தப்புங்க. அவன் என் கூடப் பிறந்த தம்பி. அதான்...”

டிரைவரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பியா? அப்படிப் போடுங்க! எனக்குத்தான் சரியா சொல்லத் தெரியலைன்னு நெனச்சு நான் இங்க வந்து உக்காந்திருக்கேன்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். “மன்னிச்சிடுங்க” என்றாள், தரையைப் பார்த்து.

“அதை ஏன் மேடம் இங்க தனியா வந்து சொல்றீங்க? என்னை உக்கார வெச்சது எல்லார் முன்னாடியும்தானே?”

இடைவேளை முடிந்து வட்டம் கூடியதும் அவள் நடுவில் போய் நின்றாள்.

“சூப்பர்வைசர் என் தம்பி. முதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லல. அவனைக் காப்பாத்தத்தான் அந்தத் தலைப்பை இன்னொண்ணுக்குள்ள சொருகினேன். இனி இந்தக் கூட்டத்தை நான் பாத்துக்கிறது முறையில்ல. உங்கள்ல ஒருத்தர் பாத்துக்கோங்க.”

இந்த உறவு முன்பே தெரிந்திருந்த மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். “அதானே பாத்தேன், மூக்கு ஒரே மாதிரி இருக்கேன்னு” என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் எழுந்து, “விசில் என்கிட்டதான் இருக்கு, நான் பாத்துக்கிறேன்” என்றார். டிரைவரம்மா தன் தலைப்பைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார். ஷிஃப்ட் குழுவில் இருந்தவர்கள்கூட நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார்கள்.

அவள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒவ்வொருவராகப் பேசுவது கேட்டது. ஒருமுறை தம்பியின் குரல் உயர்ந்தது. “சார், உங்க முறை வரும்” என்றார் கண்டக்டர். குரல் அடங்கியது. அவன் முறை வந்தபோது என்ன பேசினான் என்பது அவளுக்குக் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து மேனேஜர் வந்தார். லீவு கேட்டால் இனி ஒருவர் இல்லை, மூன்று பேர் சேர்ந்து முடிவு செய்வார்களாம். அதில் டிரைவரம்மாவும் ஒருவர். “அடுத்த கூட்டத்தை டிப்போ ஆளுங்களே பாத்துக்கிறாங்களாம்” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வாசலில் தம்பி பைக்கோடு நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது.

“நீயுமாக்கா என்னை அப்படி நெனச்சே?”

“ரொம்ப நாளாவே நெனச்சேன்டா. உன்கிட்ட சொல்லத்தான் தைரியம் வரல.”

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பஸ் ஏற அவளுக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு எந்த டிரைவரின் முகத்தையும் அவளால் பார்க்க முடியாது. நடந்தே வீடு போய்ச் சேர்ந்தாள்.