யமுனாவின் முதல் மூன்று பாட்டுகள்

மூன்றாவது பாட்டு முடியப் போகும் நேரத்தில்தான் பாசில் அதைப் பார்த்தான். 

மேடையில் இருக்கிற ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு மைக், ஒவ்வொரு மைக்குக்கும் கச்சேரியைப் பதிவு செய்யும் அவனுடைய லேப்டாப் திரையில் ஒரு கோடு. டிரம்ஸ், கிடார், கீபோர்டு, ஜனங்களின் கைதட்டலுக்கென்று கூரையிலிருந்து தொங்கவிட்ட இரண்டு மைக் என்று எல்லாக் கோடுகளும் மேலும் கீழும் எகிறிக்கொண்டிருந்தன. பாடகி யமுனாவின் கோடு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் எரிய வேண்டிய சிவப்புப் பொத்தான் எரியவில்லை.

விரல் தானாகப் போய் அழுத்தியது. யமுனாவின் குரல் திரையில் ஓடத் தொடங்கியது. ஆனால் அதுவரை பாடியது? போனது போனதுதான்.

எப்படி நடந்தது என்று மூளையைக் கசக்க வேண்டியதே இல்லை. மத்தியானம் ஒத்திகையின்போது, தொண்டையைக் காப்பாற்ற வேண்டுமென்று யமுனா பாடவில்லை. அவளுக்குப் பதிலாக டிரம்ஸ் வாசிக்கும் சிவசங்கர் அவள் மைக்கில் நின்று கத்தினான். அந்தக் கழுதைக் குரல் யமுனாவின் கோட்டில் விழ வேண்டாமென்று பாசில்தான் சிரித்துக்கொண்டே பொத்தானை அணைத்தான். மறுபடி போட மறந்தான். அரங்கத்து ஸ்பீக்கர்களும் அவன் பொறுப்புதான்; பொத்தான் பதிவுக்கு மட்டும் என்பதால் அவற்றில் அவள் குரல் கணீரென்று கேட்டது, சந்தேகமும் வரவில்லை. பாலக்கரையில் ஸ்டூடியோ வைத்து இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் செய்கிற காரியமா இது?

வேறு ராக் குழுவாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. கச்சேரியில் பாடியபடியே பதிவான நேரடி ஆல்பம் என்று ஊரில் சுற்றுவதில் பல, அப்புறம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒட்டுப் போட்டவைதான். பிசிறடித்த வரியைத் திரும்பப் பாடவைத்து, மேலே கைதட்டலைத் தூவிவிடுவார்கள். பாசிலே எத்தனையோ பேருக்குத் தூவியிருக்கிறான். யமுனாவுக்கு அந்த வழி இல்லை. புதன்கிழமை அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். பேச்சு வரும், இந்தக் குரல் திரும்புமா என்று தெரியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்குமுன் ஒரு கச்சேரி பாடலாம், உச்சத்துக்கு மட்டும் ஒரு தடவைக்கு மேல் போகாதீர்கள், மீறினால் குரல் அங்கேயே நின்றுபோகலாம் என்றும் எச்சரித்திருந்தார். அந்த ஒரு தடவையை யமுனா முதல் பாட்டுக்கென்று வைத்திருந்தாள். அவளே எழுதி மெட்டுப்போட்ட முதல் பாட்டு அது. அதற்காகத்தான் இந்த ஆல்பமே.

இடைவேளையில் வெந்நீர் ஃபிளாஸ்கோடு, அரங்கத்தின் கடைசியில் இருந்த பாசிலின் மேஜைக்கு வந்தாள்.

"பாசில், முதல் பாட்டு எப்படி வந்திருக்கு?" காற்றோடு காற்றாகத்தான் கேட்டாள்.

பிரமாதம் என்று ஒரு வார்த்தை போதும், நிம்மதியாக ஆஸ்பத்திரிக்குப் போவாள். அப்புறம்? ஆபரேஷன் முடிந்து, பாட முடியாமல் உட்கார்ந்து, ஆசையாக ஆல்பத்தைப் போட்டுக் கேட்கும்போது? 

"அக்கா... முதல் மூணு பாட்டுல உங்க குரல் பதிவாகலக்கா. பொத்தானைப் போடாம விட்டுட்டேன். என் தப்புதான்."

அறை விழும் என்று நின்றான். அவள் வெந்நீரை ஒரு வாய் குடித்தாள்.

"கைதட்டல் மைக்குல இருக்குமே?"

"விசில்தான் இருக்கு. உங்க குரல் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு."

"சரி. கடைசியில முதல் பாட்டைத் திரும்பப் பாடறேன்."

"வேணாம்க்கா. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? அவ்ளோ பேரும் கேட்டுட்டாங்கல்ல, போதும்க்கா."

"கேட்டவங்க பஸ் ஏறிப் போயிருவாங்க. எனக்கு என்னடா மிஞ்சும்?"

அவள் போய்விட்டாள். ஏன்டா வாயைத் திறந்தோம் என்று அவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டதில் வர வேண்டிய நிம்மதி எங்கே போனதென்றே தெரியவில்லை.

இடைவேளைக்குப் பின் அவன் ஒரு பாட்டையும் கேட்கவில்லை. சிவப்புப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை எடுத்தால் அது அணைந்துவிடும் என்று பயம். முதல் பாட்டு மறுபடி தொடங்கியதும் முசிறியிலிருந்தும் லால்குடியிலிருந்தும் வந்திருந்த காலேஜ் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி ஆடினார்கள். அவர்களுக்கு அது கொசுறு.  யா அல்லாஹ், அந்த உச்சத்தை மட்டும் தாண்ட வைத்துவிடு என்று பாசில் வாய்க்குள் முணுமுணுத்தான்.

அந்த இடம் வந்தது. யமுனா கண்ணை மூடி ஏறினாள். குரல் உடையவில்லை, பிசிறவில்லை. முதல் தடவையைவிட அதிக நேரம் மேலே நின்று, இறங்கி வந்தது. திரையில் எல்லாம் பதிந்திருந்தது. பாசில் அப்போதுதான் மூச்சே விட்டான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அரங்கமே எழுந்து நின்றது. சத்தம் அடங்கியதும் நன்றி சொல்ல யமுனா மைக்கருகே வந்தாள். உதடுகள் அசைந்தன. ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. அவள் மறுபடி சொன்னாள்.

"மைக்! மைக் கேக்கல!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி பாசிலைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"தம்பி, சவுண்டை ஏத்துங்க!"

யமுனாவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாசில் சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினான். அரங்கத்தின் அத்தனை ஸ்பீக்கரிலும் அவள் மூச்சு மட்டும் கேட்டது.