அவரே பண்ணிடுவாரு

அதிகாரி வருவதற்குள் தம்பிக்குச் சவரம் முடிந்துவிட வேண்டும் என்று அக்கா அவசரப்பட்டாள். பின்னாலிருந்து பார்ட்னர் அவன் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். பார்ட்னர் என்பது தம்பி வைத்த பெயர். அரசாங்கம் அனுப்பும் உதவியாளர் அவர். அக்கா மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடித்துவிட்டுத் திரும்பும்வரை அவனைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிக் கூடவே இருப்பார்.

"தம்பியே ஷேவ் பண்ணிக்கிட்டாரு, பாருங்கக்கா" என்றார் பார்ட்னர்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கான்" என்றாள் அக்கா.

அந்த வீட்டில் பேச்சு அப்படித்தான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்த பிறகு அவனுக்குத் தோள் அசையும், மணிக்கட்டு கொஞ்சம் தூக்கும், விரல் மடங்காது. வெகுநாள் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்தே கிடந்தான். அவனைத் திருப்பிக் கொண்டுவந்தது பார்ட்னரின் வாய்தான். சட்டை மாட்டிவிடுவது அவர், 'தம்பியே போட்டுக்கிட்டாரு' என்பதும் அவர். 'முடியாது' என்ற சொல் அந்த அறைக்குள் வருவதில்லை.

வந்த அதிகாரி சின்ன வயசுப் பெண். பாவம், அவளும் நாலு மாடி ஏறி மூச்சிரைக்க நின்றாள். உதவியாளர் திட்டத்தைச் சீர்திருத்தியிருக்கிறார்களாம். இனி ஒருவரால் செய்ய முடியாததற்கு மட்டும்தான் ஆள்.

"தானா சாப்பிடுவாரா?"

"அவரே சாப்பிட்டுடுவாரு மேடம்" என்றார் பார்ட்னர், பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் அவள் விரல் கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டிவிட்டது.

அக்கா குறுக்கே வந்தாள். "மேடம், கொஞ்சம் வெளிய வந்து பேசலாமா?"

"அவர் இல்லாம அவரைப் பத்திப் பேசக் கூடாதும்மா. புது விதி. அவருக்கு மரியாதை குடுக்கணும்ல."

தம்பி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்ட்னர் போனால் அவள் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவனால முடியாது மேடம். சோறு நாங்கதான் ஊட்டுறோம். கழுவி விடுறதும் நாங்கதான். தண்ணிகூட அவனால எடுத்துக் குடிக்க முடியாது."

அவன் முகம் சுருங்கியது. பிறகு பக்கத்து மேசையை நோக்கிக் கை ஊர்ந்தது. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே டம்ளரை இறுக்கி, தோள் வெடவெடக்கத் தூக்கி, வாயில் வைத்துக் குடித்தான். பாதி சட்டையில் கொட்டியது. கீழே வைத்தபோது நெற்றியெல்லாம் வேர்வை.

"பரவாயில்லையே, நல்லா பண்றாரே" என்றாள் அதிகாரி, மனசாரச் சந்தோஷப்பட்டு.

அன்று ராத்திரி தோள்வலியில் அவன் தூங்கவில்லை. அக்கா எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

மாசக் கடைசியில் போனுக்குச் செய்தி வந்தது. தம்பி 'சுயமாக இயங்குபவர்.' பார்ட்னரை ஊரின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். "என் வாயில மண்ணைப் போட" என்று சொல்லிக்கொண்டே அவர் படியிறங்கினார்.

திங்கட்கிழமை அக்கா இருட்டோடு எழுந்து அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, நாற்காலியில் உட்காரவைத்தாள். மேசையில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தாள். மத்தியானம் எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டம்மா ஊருக்குப் போய்விட்டது அவளுக்குத் தெரியாது.

"நீ போக்கா. நானே பாத்துக்கறேன்."

சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது விளக்குப் போடாத அறையில், வைத்த இடத்தில் வைத்தபடியே அவன் இருந்தான். கால்சட்டை நனைந்து, வெயில் முழுக்க முகத்தில் அடித்து, உதடு வெடித்திருந்தது.

"தண்ணி குடிச்சியாடா?"

"ம். நானே குடிச்சிட்டேன்."

டம்ளர் விளிம்புவரை நிறைந்திருந்தது. மேலே ஒரு எறும்பு மிதந்தது. அவள் அதை விரலால் எடுத்துப் போட்டாள்.

"நல்லது. இன்னொரு டம்ளர் குடிக்கிறியா?" என்று கேட்டு, அதையே அவன் வாயருகே கொண்டுபோனாள்.

அவன் மூச்சுவிடாமல் குடித்தான்.