நடவடிக்கை எடுக்கப்பட்டது

மலர்கொடி டில்லிக்குப் புகார் கொடுத்தது தன் புருஷனைக் காப்பாற்றத்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஐயப்பன் உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். பொழுது சாயும்வரை நல்ல உழைப்பாளி. சாய்ந்த பிறகு சேட்டுவின் ஆள். ஓடைக்கு அப்பால் வேலிகாத்தான் முள்ளுக்குள் உட்கார்ந்து பாக்கெட் சாராயம் விற்கும் சேட்டுவைப் புதுமேட்டுக் குப்பத்தில் தெரியாதவர் இல்லை. ஸ்டேஷன்காரர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். எக்கியார்குப்பத்தில் சாராயம் குடித்தவர்கள் செத்துப்போனபோது மலர்கொடியைப் பயம் பிடித்துக்கொண்டது. கெட்ட சாராயம் முதலில் கண்ணைத்தான் பறிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து புருஷன் வாசலில் கால் வைத்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "எம் பொடவ இன்னா கலரு, சொல்லு." அவன் கெட்ட வார்த்தையோடு சேர்த்து நிறத்தைச் சொல்லுவான். அதற்கப்புறம்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

இந்தச் சமயத்தில்தான் டிவியில் விளம்பரம் வந்தது. உங்கள் யோசனைகளையும் குறைகளையும் டில்லியில் இருக்கும் தலைவரிடமே நேராகச் சொல்லுங்கள், அவர் கேட்கக் காத்திருக்கிறார் என்று. உப்பளத்தில் மலர்கொடிக்குக் கூடை தூக்கிவிடும் ஜோடி யுவராணி. பிளஸ் டூ படித்தவள், போனில் எதையும் தேடி எடுத்துவிடுவாள். மத்தியானக் கஞ்சிக்கு உட்கார்ந்த இடத்தில் இரண்டு பேருமாகப் புகாரைப் போட்டார்கள்.

"யக்கா, பேரு, அட்ரஸ்லாம் கேக்குது. போடட்டுமா?"

"போடு. மொட்டக் கடுதாசின்னா தூக்கிக் கடாசிடுவாங்க. ஒளிஞ்சிகினு சொல்றதுக்கு நானா சாராயம் விக்கறேன்?"

சேட்டுவின் பெயர், முள்ளுக்காடு, ஸ்டேஷன் ஜீப் வந்து போகிற நேரம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டில்லிக்குப் போனது டில்லியிலேயே இருக்கும், தலைவர் படித்துப் பார்த்துக் கோபப்படுவார் என்று நினைத்தாள். பாவம்! மேலே போன புகார் ஆபீஸ் ஆபீஸாகக் கீழே இறங்கி, அதே ஸ்டேஷன் மேஜையில் வந்து விழுந்தது. நடவடிக்கை எடுத்துத் தகவல் தெரிவிக்கவும் என்ற உத்தரவோடு.

டில்லியே கேட்ட பிறகு ஒரு ஆளையாவது பிடித்துக் காட்டாமல் முடியுமா? ஆனால் சேட்டு வேண்டியவன். அவனுக்கு முன்கூட்டியே தகவல் போயிற்று, அவன் கிளம்பிவிட்டான். ஜீப் வந்தபோது முள்ளுக்குள் கிடந்தவன், எழுந்து ஓடத் தெம்பில்லாத ஐயப்பன். அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, பக்கத்தில் இரண்டு கேன்களை வைத்துப் போட்டோ எடுத்தார்கள். மறுநாள் சாராய வியாபாரி கைது என்று எல்லார் போனிலும் வந்தது.

மலர்கொடி தலைவிரி கோலமாக ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"நீதானம்மா புகார் குடுத்த? புடிச்சிட்டோம்ல?" என்றார் எஸ்.ஐ.

"சார், நான் சொன்னது சேட்டுவ. இவரு வாங்கிக் குடிக்கறவரு சார்."

"அப்படியா? சேட்டுவ வரச் சொல்றேன். அவனையும் உம் புருஷனையும் நிக்க வச்சி நீ எழுதினத சத்தமா படிக்கட்டா?"

வேண்டாம் என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். எஸ்.ஐ. குரலைத் தணித்துக்கொண்டார். "டில்லிலருந்து போன் வரும். நடவடிக்கை திருப்தியான்னு கேப்பாங்க. ஒன்ன அமுக்கு, உம் புருஷன் ஜாமீனுக்கு நான் குறுக்க நிக்கமாட்டேன். ரெண்ட அமுக்கினா புகார் மறுபடியும் எங்கிட்டதான் வரும். யோசிச்சிக்க."

போன் வந்தபோது அவள் பாத்திக்குள் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். தேன் சொட்டும் குரலில் ஒரு பதிவுப்பேச்சு. திருப்தி என்றால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு. ஒன்றை அமுக்கினாள். தலைவரின் சார்பில் அவளுக்கு நன்றி சொல்லப்பட்டது.

ஐயப்பன் ஜாமீனில் வந்தான். ஆள் பாதியாகியிருந்தான், ஆனால் கை நடுக்கம் போயிருந்தது. உள்ளே இருந்த நாளெல்லாம் ஒரு சொட்டுத் தொடவில்லை. கடவுள் எப்படியோ வழி காட்டிவிட்டார் என்றுதான் மலர்கொடி சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் அவன் வேலைக்குப் போன காலைவரைதான். சாராயக் கேஸ்காரனை லாரியில் கை வைக்க விடமாட்டேன் என்று மேஸ்திரி துரத்திவிட்டான். எங்கே போனாலும் அதே பதில். வீடு தேடி வந்தவன் சேட்டு ஒருவன்தான்.

"உனுக்கு நடந்தது அநியாயம்பா. வக்கீல் வச்சது யாருன்னு நெனச்ச? நான்தான். நம்ம எடத்துக்கு வா."

அந்த வாரமே முள்ளுக்காட்டில் ஐயப்பன் உட்கார்ந்தான். இந்தத் தடவை கேன்கள் நிஜமாகவே அவனுடையவை. மலர்கொடி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"விக்காதப்பவே வித்தவன்னு பேரு வாங்கிட்டேன். இனிமே வித்தா இன்னா?" என்றான் அவன். "எவன் புகார் போட்டான்னு மட்டும் தெரியட்டும், அன்னிக்கி இருக்குது."

விற்கிறவன் குடிக்கக் கூடாது என்பது சேட்டுவின் கட்டளை. ஆகவே ஐயப்பன் குடிப்பதில்லை. அவள் டில்லியிடம் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது.

ஒருநாள் மலர்கொடி நிரம்பிய கூடைமுன் குனிந்து நின்றாள். தூக்கிவிட வேண்டிய யுவராணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் சிலம்பரசன் இப்போது தினமும் முள்ளுக்குள்தான் கிடக்கிறான்.

"யக்கா, உங்கிட்ட மறைக்க மனசு வரல. டில்லிக்குப் போட்டுட்டேன். உம் புருஷன் பேர."

மலர்கொடிக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. யுவராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிலம்பரசன உடனே உங்கம்மா ஊருக்கு அனுப்பிடுடி. ஜீப்பு வந்தா எம் புருஷன புடிக்கமாட்டாங்க. கீழ உழுந்து கெடக்கறவனத்தான் தூக்குவாங்க."

"அப்ப சேட்டு தப்பிச்சிட்டான். இப்பதான் உம் புருஷன் கேனோட உக்காந்திருக்கானே!" யுவராணி கையை உதறினாள். "அவன காப்பாத்திக்க எம் புருஷன ஊர உட்டு ஓட்டச் சொல்றியா? நல்லா இருக்குதுக்கா."

அதோடு பேச்சு நின்றது. யுவராணி வேறு ஜோடி பார்த்துக்கொண்டாள். மலர்கொடி அவள் வீட்டுக்கே போய்ச் சொல்லிப் பார்த்தாள், கதவைச் சாத்திவிட்டார்கள்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். விளக்கு வைக்கிற நேரத்திலேயே ஐயப்பன் வீட்டுக்கு வந்துவிட்டான். கை கால் கழுவிக்கொண்டு தட்டின்முன் உட்கார்ந்தான்.

"இன்னாய்யா, இன்னிக்கு இவ்ளோ சீக்கிரம்?"

"ஸ்டேஷன்லருந்து போன் வந்துது. இன்னிக்கு கேனெல்லாம் எடுத்து வச்சிட்டு வூட்டுக்குப் போயிடுன்னாங்க."

அவளுக்குக் குழம்புச் சட்டி கையிலேயே நின்றது. "சிலம்பரசன் எங்க?"

"அங்கதான் உழுந்து கெடக்கறான். எழுப்பினேன், எழுந்துக்கல," என்றான் ஐயப்பன். "நீ சோத்தப் போடு."